ஜூன் மாதத்தில் பெற்றோரும் பள்ளியில் சேர்கிறார்கள்

பள்ளி திறக்கும் நாளில் நாம் செய்யும் ஏற்பாடுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வாசலில் மாவிலைத் தோரணம், முதல் வகுப்புக் குழந்தையின் கையில் ஒரு பூவும் மிட்டாயும், தலைமையாசிரியரின் வாழ்த்துரை, அன்றே பாடநூல் விநியோகம். கேரளத்தில் இதையே 'பிரவேசனோத்சவம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் விழாவாக நடத்துகிறார்கள். ஜெர்மனியில் முதல் வகுப்புக்குப் போகும் குழந்தைக்கு இனிப்பும் எழுதுபொருளும் நிறைத்த பெரிய காகிதக் கூம்பு கொடுப்பார்கள். ஜப்பானில் ஏப்ரல் மாதத்தில் பெற்றோரும் நல்ல உடை உடுத்தி வந்து சேர்க்கை விழாவில் அமர்வார்கள். குழந்தையின் முதல் நாள் எந்த ஊரிலும் பெரிய நாள்தான்.

குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வாசலருகே நிற்கும் அம்மாவையும் அப்பாவையும் நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுத விரும்புகிறேன். பொன்னேரிப் பகுதியில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதியில் இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. பெற்றோர் வாசலோடு திரும்பிப் போய்விட்டால், சில மாதங்களில் குழந்தையும் திரும்பிப் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன்.

யார் வருகிறார்கள்?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். கிழக்கே பழவேற்காடு ஏரியும் மீனவர் குப்பங்களும். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், அதைத் தாண்டினால் ஆந்திர எல்லை. ஆரணி ஆற்றையொட்டி இன்னும் நெல் விளைகிறது. இடையிடையே செங்கல் சூளைகள்.

ஆகவே எங்கள் பள்ளிக்கு வரும் பெற்றோர் பலவகை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஏரியில் இறால் பிடிக்கிறவர்கள், தென்மாவட்டத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து லைன் வீட்டில் தங்கியிருப்பவர்கள், பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், தலைமுறையாகச் சூளைகளில் வேலை செய்யும் இருளர் குடும்பங்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களே இன்று பெற்றோராகிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வருகிறார்கள்.

இவர்களில் பலருக்குப் பள்ளி என்பது ஓர் அலுவலகம். ரேஷன் கடை, தாலுக்கா ஆபீஸ், வங்கி போல அதுவும் 'அந்தத் தாள் எங்கே, இந்தத் தாள் எங்கே' என்று கேட்டு நாளைக்கு வரச்சொல்லும் இடம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார்கள். இவர்களும் நம் பள்ளியில் புதிதாகச் சேர்கிறவர்கள்தான். இவர்களுக்குத் தடையாக இருப்பவை நான்கு: தாள், நேரம், மொழி, கூச்சம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாள்: சேர்த்துக்கொண்டு பிறகு தேடுவோம்

ஓர் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் ஒரு தந்தை ஆறாம் வகுப்பு மகளோடு வந்தார். வேறு மாவட்டத்திலிருந்து சிப்காட் வேலைக்கு வந்தவர். வாசலிலேயே நின்று சொன்னார்: "ரெண்டு எடத்துல டிசி கொண்டான்னு திருப்பி அனுப்பிட்டாங்க மிஸ். ஊருக்குப் போய் வாங்கிட்டு வர மூணு நாளாவும். மூணு நாள் போவலன்னா கான்ட்ராக்டர் வேற ஆளைப் போட்டுருவாரு." பள்ளி திறந்து ஏழு வாரம் ஆகியும் அந்தப் பெண் லைன் வீட்டிலேயே இருந்தாள். அன்று பத்து நிமிடத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டோம். இது சலுகை அல்ல, சட்டம் சொல்வதைச் செய்தோம்.

குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பயிற்சிகளில் பலமுறை கேட்டதுதான் என்றாலும், ஜூன் மாதத்தில் கையருகே இருக்க வேண்டிய பிரிவுகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பிரிவு 4: பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு. தமிழ் தெரியாது என்பதற்காகப் பத்து வயதுக் குழந்தையை முதல் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது.

பிரிவு 5: ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறும்போது மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. சான்றிதழைக் கேட்டவுடன் தருவது முந்தைய பள்ளித் தலைமையாசிரியரின் கடமை. தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடமுண்டு.

பிரிவு 13: சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் எதுவும் வைக்கக் கூடாது.

பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதபோது மருத்துவமனை அல்லது கிராமச் செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவு, பெற்றோரின் உறுதிமொழி ஆகியவற்றைச் சட்டத்தின் மாதிரி விதிகள் ஏற்கின்றன.

பிரிவு 15: கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது.

ஆதார் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆதார் இருந்தால் வாங்கிப் பதியலாம். இல்லையென்றால் அடுத்த முகாமில் எடுக்க உதவலாம். இடைப்பட்ட நாட்களில் குழந்தை வகுப்பில் இருக்க வேண்டும்.

எமிஸ் பதிவில் சிக்கல் வரும் என்ற பயம் நமக்கு உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த குழந்தைக்கு எமிஸ் எண் ஏற்கெனவே இருக்கும். பெயர், பிறந்த தேதி, முந்தைய பள்ளி மூன்றும் தெரிந்தால் அந்தப் பள்ளியைத் தொலைபேசியில் அழைத்துப் பொதுத் தொகுப்புக்கு விடச் சொல்லலாம். அந்தத் தந்தையின் மூன்று நாள் பயணத்தை எங்கள் தலைமையாசிரியரின் ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சப்படுத்தியது. வேறு மாநிலக் குழந்தையாக இருந்தால் யூடைஸ் பிளஸ் வழியே நிரந்தரக் கல்வி எண் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இருளர் குழந்தைகளின் சாதிச் சான்றிதழையும் சேர்க்கையோடு முடிச்சுப் போட வேண்டாம். பழங்குடியினர் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் கோட்ட அளவில் இருக்கிறது. எங்களுக்குப் பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகம். அதற்கு விண்ணப்பிக்கப் பெற்றோருக்கு நாம் துணை நிற்கலாம், அது வர எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும்.

தாளைப் பொறுத்தவரை நாம் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை கூடவே போகும். பின்னால் திருத்துவது பெரும்பாடு. அதனால் எழுதியதைப் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். வாசிக்கத் தெரிந்தவரா என்று கேட்பதில்லை, எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன். வெளிமாநிலப் பெயரை நம் வழக்கப்படி முன்னெழுத்தாகச் சுருக்குவதில்லை. அவர்கள் சொல்லும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

நேரம்: பதினொரு மணிக் கூட்டத்துக்கு யார் வர முடியும்?

கம்பெனி வேலை என்பது பெரும்பாலும் மூன்று ஷிஃப்ட். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, இரவு பத்து முதல் ஆறு. கம்பெனி வேன் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் தெருமுனையில் வந்து நிற்கும். வேலை நாளில் பதினொரு மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று சுற்றறிக்கை அனுப்பினால், வருகிறவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். வராதவருக்கு அக்கறை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 24 ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்திச் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சட்டம் இந்தக் கடமையை நம்மிடம்தான் தந்திருக்கிறது. எனவே பெற்றோர் வரக்கூடிய நேரத்தைத் தேடுவதும் நம் வேலைதான்.

எங்கள் பள்ளியில் ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் ஒரே கூட்டத்தை மூன்று தடவை நடத்துகிறோம். முதலாவது காலை எட்டரை மணிக்கு, இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும். இரண்டாவது பள்ளி விடும் நேரத்தில், காலை ஷிஃப்ட் முடிந்தவர்களுக்கு. மூன்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லைன் வீடுகளுக்கு நடுவே, வேப்பமரத்தடியில். ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஒரு கூட்டம்தான் கூடுதல். மூன்றாவது கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளி வளாகத்துக்குள் அதுவரை வந்ததே இல்லை.

சுற்றறிக்கைக்குப் பதில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறேன். எழுத்து வாசிக்காதவரும் கேட்கலாம், வேனில் போகும்போதும் கேட்கலாம். வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் எந்தக் குழந்தையின் குறையையும் போடுவதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்ன பிறகு குழுவில் சேரத் தயங்கியவர்களும் சேர்ந்தார்கள்.

மொழி: வீட்டு மொழிக்கும் இடம் உண்டு

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 இன்படி நம் பள்ளிகளில் படிக்கும் எல்லாக் குழந்தைகளும் தமிழ் கற்கிறார்கள். வெளிமாநிலப் பெற்றோரும் இதை விரும்புகிறார்கள். கடையில், மருத்துவமனையில், பேருந்தில் தமிழ் பேசும் பிள்ளையே அந்தக் குடும்பத்துக்குத் துணை. அதே வேளையில், கற்பிக்கும் மொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 29. ஒரே வகுப்பில் நான்கு தாய்மொழி இருக்கும்போது முழுவதும் அப்படி நடத்த முடியாது. ஆனால் வரவேற்பில் அந்த மொழிகளுக்கு இடம் தர முடியும்.

குழந்தையின் பெயர் என்ன என்பதைத் தெலுங்கில் "மீ பாப பேரேமி?", இந்தியில் "பச்சே கா நாம் க்யா ஹை?", ஒடியாவில் "பிலார நா கண?" என்று கேட்கலாம். உச்சரிப்பு சரியாக இருக்காது. என் ஒடியாவைக் கேட்டுச் சிரிக்காத அம்மாவே இல்லை. சிரித்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்புக்கு மேல்வகுப்புப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது நம் வழக்கம். கழிப்பறை, சாப்பாடு, பள்ளி விடும் நேரம் போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் குழந்தையின் நோய், வீட்டுச் சண்டை, கடன் போன்ற பேச்சு வரும் இடத்தில் இன்னொரு குழந்தையை நடுவில் நிறுத்தக் கூடாது. அதற்கு அந்த மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை, முடிந்தால் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரை, பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு அழைக்கலாம்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017 இல் 'ரோஷ்னி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த கல்வித் தன்னார்வலர்களைப் பள்ளிகளில் அமர்த்தி, குழந்தையின் மொழியில் தொடங்கி மெல்ல மலையாளத்துக்கு அழைத்து வந்தார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் சூளைப் பகுதிக் குழந்தைகளுக்காக ஒடிசாவிலிருந்து ஒடியாப் பாடநூல்கள் வரவழைக்கப்பட்டதுண்டு. தெரியாத ஊரில் தன் எழுத்தில் ஒரு புத்தகம் கிடைத்தால் அந்தப் பள்ளி மீது குழந்தைக்கும் பெற்றோருக்கும் எவ்வளவு நம்பிக்கை வரும்!

கூச்சம்: முதல் பத்து நிமிடப் பேச்சு

மேலே சொன்ன மூன்றையும் சரிசெய்த பிறகும் கூச்சம் எஞ்சி நிற்கும். அதைப் போக்க விழா தேவையில்லை. ஒவ்வொரு பெற்றோருடனும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் போதும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு நாளைக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று செய்திகள் சொல்கிறேன், நான்கு கேள்விகள் கேட்கிறேன்.

சொல்வதில் முதலாவது பணம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது "எவ்வளவு கட்டணும்?" என்ற கேள்விதான். கேட்கக் கூச்சம். நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்: கட்டணம் கிடையாது, பாடநூல், குறிப்பேடு, சீருடை விலையில்லாமல் கிடைக்கும், மதிய உணவு உண்டு. தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிவான நாள் 2024 ஜூலை 15, இடம் நம் மாவட்டத்துக் கீழச்சேரி. காலை ஐந்து மணிக்கு வேன் ஏறும் தாய்க்கு இந்த ஒரு செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் முகத்திலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, வருகை. "பிள்ளை வரவில்லையென்றால் நான் போன் பண்ணுவேன். திட்டுவதற்கு இல்லை, என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளத்தான்." இதை ஜூன் மாதமே சொல்லிவைத்தால் செப்டம்பரில் நம் அழைப்பைத் துண்டிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13 அன்று நம் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உண்டு. பெற்றோர் நம்மிடம் மார்க் கேட்கிறார்கள். குழந்தை அரும்பில் இருக்கிறது, எழுத்துகளை அறிந்துவருகிறது, சொற்களை வாசிக்கத் தொடங்கும்போது மொட்டுக்குப் போகும் என்று குழந்தையின் பயிற்சி நூலைத் திறந்து காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். அடுத்த முறை வரும்போது அவர்களே நூலைத் திறந்து பார்க்கிறார்கள்.

கேட்கும் கேள்விகள் நான்கு. வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்கள்? உடம்புக்கு ஏதாவது கவனிக்க வேண்டியது உண்டா? பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? இந்த ஊரில் எதுவரை இருப்பீர்கள்?

மூன்றாவது கேள்வியைக் கேட்டபோதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. ஏழாம் வகுப்பில் சேர்ந்த பெண். அம்மாவுக்கு இரண்டு மணி ஷிஃப்ட், அப்பா வெளியூரில் லாரியில். மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை மணிக்கு அவள் வீட்டுக்குப் போக வேண்டும். "மத்தியானம் வரைக்கும் வுட்டாப் போதும் மிஸ், அப்புறம் அவ வந்துரணும்" என்றார் அம்மா. முந்தைய பள்ளியில் அவள் வாரத்தில் பாதி நாள் வராததற்குக் காரணம் அதுதான். எங்கள் வளாகத்தை ஒட்டியே அங்கன்வாடி இருக்கிறது. தம்பியை அங்கே சேர்த்தோம். அங்கன்வாடி முடிந்து பள்ளி விடும்வரை அவன் எங்கள் வராந்தாவில் அக்காவின் கண்ணெதிரே விளையாடுவான். அந்த ஆண்டு அவள் முழுநாளும் பள்ளியில் இருந்தாள். இந்தத் தகவல் எந்தச் சேர்க்கைப் படிவத்திலும் இல்லை. கேட்டிராவிட்டால் அவளை 'அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவி' என்று மட்டுமே அறிந்திருப்பேன்.

ஜூனில் வராதவர்கள்

நான்காவது கேள்வி எங்கள் பகுதிக்கே உரியது. மேற்கு ஒடிசாவில் நுவாகாய் என்ற அறுவடைப் பண்டிகை முடிந்த பின் குடும்பங்கள் வேலை தேடிப் புறப்படுகின்றன. இங்கே சூளைகளில் வேலை மழைக்காலம் ஓய்ந்த பிறகு தொடங்கி ஜூன் வரை நடக்கும். அதாவது நாம் தோரணம் கட்டும் மாதத்தில் அவர்கள் ஊருக்கு மூட்டை கட்டுகிறார்கள். பொங்கலை ஒட்டி அவர்கள் இங்கே வந்து சேரும்போது நம் வகுப்பில் மூன்றாம் பருவம் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு எங்கேயும் 'புதிய கல்வியாண்டு' என்று ஒன்று வருவதில்லை.

இவர்களுக்காக நாம் இரண்டு விஷயங்கள் செய்யலாம். ஜனவரியில் வரும் குழந்தைக்கும் அதே பூ, அதே பத்து நிமிடம், அதே அறிமுகம். வகுப்பில் ஒரு தோழனையோ தோழியையோ முதல் வாரத்துக்குத் துணையாக அமர்த்துகிறேன். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, தட்டு எங்கே என்று காட்டுவது அந்தத் துணையின் வேலை. மற்றொன்று, அவர்கள் போகும்போது வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பது. எந்தத் தேதிவரை வந்தது, எந்த வகுப்பு, எந்த நிலையில் வாசிக்கிறது என்ற குறிப்பையும் மாற்றுச் சான்றிதழையும் கேட்பதற்கு முன்பே கையில் கொடுத்தால், அங்கே இன்னொரு ஆசிரியர் இந்தக் குழந்தையை நம்பிச் சேர்த்துக்கொள்வார்.

ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்புக் குழந்தைக்குத்தான் வரவேற்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஐந்து முடித்து ஆறுக்கும், எட்டு முடித்து ஒன்பதுக்கும் வேறு பள்ளி மாறும் பிள்ளைகள் இரண்டாம் முறை புதிதாகச் சேர்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் பலர் நின்றுபோகிறார்கள். பதினான்கு வயதுப் பையனுக்குக் கம்பெனி கேன்டீனிலும் லாரி ஷெட்டிலும் வேலை காத்திருக்கிறது. பெண்ணுக்கு வீட்டில் வேலை காத்திருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் முழுமையாக இல்லை. எனவே சட்டம் விட்ட இடத்தை ஆசிரியர்களாகிய நாம்தான் நிரப்ப வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்துப் போகிறோம். ஆய்வகத்தையும் நூலகத்தையும் பார்த்து, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரின் பெயரைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். ஜூனில் மாற்றுச் சான்றிதழ்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பட்டியலை அந்தப் பள்ளிக்கும் அனுப்புகிறோம். யார் வந்து சேரவில்லை என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் தெரிந்தால் வீட்டுக்குப் போய் அழைத்து வரலாம். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் அந்தப் பையன் கையில் சம்பளம் பார்த்திருப்பான்.

வந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆகட்டும்

பெற்றோரைப் பள்ளியின் உரிமையாளர்களாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில் காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஊர்மக்களே பலகையும் பெஞ்சும் கட்டடமும் தந்தார்கள். மதிய உணவும் 1956 இல் மக்களின் கொடையோடுதான் தொடங்கியது.

இன்று அந்த உரிமைக்குச் சட்ட வடிவம் இருக்கிறது. பிரிவு 21 இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. ஆனால் கூட்டத்துக்கு வந்து பேசும் துணிவு ஜூன் மாதத்துப் பத்து நிமிடத்தில்தான் முளைவிடுகிறது. எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தாய் முதல் ஆண்டு முழுவதும் பேசவே இல்லை. இரண்டாம் ஆண்டு கூட்டத்தில் எழுந்து, "நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்குக் கண்ணு சொருவுது. கூட்டத்தைச் சீக்கிரமா ஆரம்பிங்க, சீக்கிரமா முடிங்க" என்றார். காலைக் கூட்டம் எட்டரை மணிக்கு மாறியது அதனால்தான்.

இந்த ஆண்டு நீங்கள் செய்து பார்க்க ஒரு சிறு வேலை சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் பெயர்ப் பட்டியலுக்கு அருகே பென்சிலால் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, யாராவது ஒருவர், உங்கள் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்து பேசிய நாளின் தேதியை அதில் எழுதுங்கள். ஜூலை மாதக் கடைசியில் எத்தனை கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்தில் எந்த வீடுகளுக்கு, எந்த ஷிஃப்ட் முடிந்த பிறகு போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.